நீலச் சேட்டு நின்ற வட்டை

என் போனில் படங்கள் பின்பக்கமாக ஓடுகின்றன. விரலால் தள்ளத் தள்ள, வெட்டிய தாளடி கதிராகிறது. கதிர் பச்சையாகிறது. பச்சை வெள்ளத்துக்குள் போய்விடுகிறது. வெள்ளம் போனால் முளை. முளைக்கு முன் சேறு. சேற்றுக்கு முன் வெடித்த தரை. அதற்கு அங்கால் ஒன்றுமில்லை. அந்த வெடித்த தரைதான் நான் எடுத்த முதல் படம்.

சோறு உலையில் கிடக்கும் நேரத்தில் இப்படித் தள்ளிக்கொண்டிருப்பேன். ஒரு போகம் முழுக்க என் கைக்குள் திரும்பிப் போகும். கஞ்சி பொங்கி அடுப்பில் விழும்போதுதான் நினைவு வரும்.

போன் மகள் தந்தது. குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன அன்று என் கையில் வைத்துவிட்டு, எயார்போட்டுக்குப் போகிற வானில் ஏறினாள். நான் ஐந்தாம் ஆண்டு மட்டும் படித்தவள். இதையும் மெல்லத்தான் எழுதுகிறேன். போனில் எழுத்தைத் தேடித் தேடி அமத்துவதற்குள் கறி அடிப்பிடித்துவிடும். பேச்சும் எனக்குக் குறைவு. அதனால் மகளுக்குப் படம் மட்டும் அனுப்புவேன். கீழே ஒன்றும் எழுதமாட்டேன். இதை இங்கே சொல்லி வைக்கிறேன். பின்னுக்குத் தேவைப்படும்.

சூரியன் எழும்புகிற பக்கம் எழுவான்கரை. படுகிற பக்கம் படுவான்கரை. நடுவில் வாவி. எங்கள் வீடு எழுவான்கரையில். வட்டை படுவான்கரையில். வயல்வெளியை நாங்கள் வட்டை என்போம். ஆட்களையும் சைக்கிளையும் ஆட்டோவையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற மிதவைக்குப் பாதை என்று பேர். விடியப் பாதையில் ஏறினால் வெயில் முதுகில் விழும். பின்னேரம் திரும்பி வந்தாலும் வெயில் முதுகில்தான் விழும். கலியாணம் முடித்த நாளிலிருந்து அப்படித்தான் போய்வருகிறேன்.

போன சிறுபோகம் வெட்டின கையோடு என் புருசனுக்குப் பாரிசவாதம் வந்தது. காலையில் எழும்பிச் சாரனைக் கட்டப் போனவர், கட்ட முடியாமல் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். வலது கை, வலது கால். வாயும் ஒரு பக்கம் இழுத்தது. பெரியாஸ்பத்திரியில் வைத்திருந்து வீட்டுக்கு விட்டார்கள். காலுக்குப் பயிற்சி சொல்லித் தந்த பிள்ளை நல்ல பிள்ளை. "இவர் நிக்கலாம் அம்மா. ஆனா நிக்க வேணும் எண்ட மனம் அவருக்கு வரவேணும்" என்றாள்.

மனம் வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

மகள் குவைத்திலிருந்து அழுதாள். வேலையை விட்டுவிட்டு வாறேன் என்றாள். அவர் இடது கையை ஆட்டி வேண்டாம் என்றார். அவள் இருக்கிற வீட்டில் முகம் பார்த்துப் பேச விடமாட்டார்கள். வீட்டார் எழும்ப முன், குசினிக்குள், அடுப்படியில் நின்று, குரலை மட்டும் பதிந்து அனுப்புவாள். இங்கே வெயில் ஏறிவரும்போது அங்கே விடியும். "அப்பா சாப்பிட்டாரா? அப்பா கதைக்கிறாரா?" ஒவ்வொரு நாளும் அதே கேள்வி. நான் "ஓம்" என்று ஒரு சொல் பதிந்து அனுப்புவேன்.

வட்டையை அவருடைய தம்பி பார்த்தான். பின்னேரம் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "எல்லாம் நல்லம் அண்ணன். நீங்க யோசிக்காதீங்க" என்பான். அவன் போனதும் இவர் சுவரைப் பார்த்தபடி ஒரு சொல் சொல்வார்.

"பொய்."

அதுதான் நான் போனேன். பக்கத்து வீட்டு மாமியைக் காவலுக்கு வைத்துவிட்டு, தம்பிக்குச் சோற்றுப் பார்சலும் கட்டிக்கொண்டு பாதை ஏறினேன். வட்டை காய்ந்து வெடித்துக் கிடந்தது. வெடிப்புக்குள் கை போகும். தூரத்தில் எருமைகள் சேற்றுக் கிடங்கொன்றில் கண்ணை மட்டும் வெளியே விட்டுக் கிடந்தன. சீலைத் தலைப்பால் போனின் கண்ணாடியைத் துடைத்து, தரையை ஒன்று எடுத்தேன். எருமையை ஒன்று எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து அவர் முகத்துக்கும் சுவருக்கும் நடுவில் போனைப் பிடித்தேன். நெடுநேரம் பார்த்தார். எருமைப் படத்தை விரலால் தொட்டார். படம் பெரிதாகி ஒரு எருமைக் கண் மட்டும் நின்றது. அவருக்குச் சிரிப்பு வந்தது. வாய் கோணலாகத்தான் வந்தது. ஆனால் சிரிப்பு.

பிறகு ஒவ்வொரு நாளும் போனேன்.

முதல் மழைக்கு வட்டை கறுத்தது. அந்தக் கறுப்பை எடுத்தேன். உழவு மெசினுக்குப் பின்னால் கொக்குகள் வரிசையாக நடந்தன, கோயிலுக்குப் போகிற பெண்களைப் போல. விதைத்த பிறகு தண்ணீரில் வானம் கிடந்தது. எது வயல், எது மேகம் என்று படத்தில் பிரிக்க முடியாது. இவர் போனைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். இரண்டு பக்கமும் ஒன்றுபோலவே இருந்தது.

அவருக்கு என் படங்களில் குறை இருந்தது. "வக்கடை" என்பார். வயலுக்குத் தண்ணீர் விடுகிற வரம்பு வாய் அது. நான் கொக்கை எடுத்துக்கொண்டு வந்தால் அவருக்கு வக்கடை வேண்டும். அடுத்த நாள் வக்கடையை எடுத்தேன். பார்த்துவிட்டு, "அடைக்கச் சொல்லு" என்றார். நான் போய்ச் சொன்னேன். தம்பி மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தான்.

"கட்டில்ல கிடந்தும் வேல வாங்குறார். வாதம் எனக்கு வந்திருக்கலாம் மச்சாள். நான் சும்மா கிடந்திருப்பன்."

"வாயைக் கழுவு" என்றேன்.

விதை நெல்லுக்குக் குருவி இறங்கியபோது தம்பி வீட்டுக்கு வந்து பழைய உடுப்புக் கேட்டான். வெருளி கட்ட. கொடியில் இவருடைய நீலச் சேட்டுத் தொங்கியது. வட்டைக்குப் போகிற சேட்டு. சும்மா தொங்குகிறதே என்று அதையும், அவர் தலையில் கட்டுகிற சிவப்புத் துவாயையும் கொடுத்தேன். குறுக்குக் கம்பில் சேட்டை மாட்டி, உள்ளுக்குள் வைக்கோல் அடைத்து, பானையில் துவாயைச் சுற்றி நட்டான். இவர் தலையில் கட்டுகிற மாதிரியே கட்டினான். ஒரு கை கீழே தொங்கியது. மற்றக் கை நீட்டி எதையோ காட்டியபடி இருந்தது. வரம்பில் போகிற ஆட்கள் தூரத்தில் வைத்தே கையைத் தூக்கினார்கள். கிட்ட வந்துதான், "சீ, வெருளி" என்றார்கள்.

கார்த்திகையில் வெள்ளம் வந்தது. வாவிக்கும் வட்டைக்கும் எல்லை இல்லாமல் போனது. பாதை ஓடவில்லை. ஒருநாள் தம்பி தோணியில் என்னைக் கூட்டிப் போனான். பயிர் தண்ணீருக்கடியில் கிடந்து ஆடியது. தலைமயிர் ஆடுகிற மாதிரி. மீன் குஞ்சுகள் பயிருக்குள்ளே போய்வந்தன. இடுப்பளவு தண்ணீரில் வெருளி நின்றது, கையை நீட்டிக்கொண்டு. சுற்றிவர ஒரு சத்தமும் இல்லை. தோணி தானாக மிதந்தது. எங்கே போகிறோம் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிய வேண்டும் என்றும் இருக்கவில்லை. அன்று எடுத்த படங்கள் எல்லாம் கொஞ்சம் சரிந்திருக்கும்.

தண்ணீர் வடிந்தது. பயிர் நிமிர்ந்தது. தையில் வயிறு வைத்தது. கதிர் உள்ளே இருக்கிற அந்தப் பருவத்தில் பயிரின் நிறமே வேறு. பனிக்குள் பச்சை மங்கி, பால் விட்ட மாதிரி இருக்கும். நான் போனைத் தூக்கினேன். தம்பி ஓடிவந்தான்.

"மச்சாள், என்ன செய்றீங்க? வயித்துப் பிள்ளைக்காரியை ஆரும் படம் எடுப்பாங்களா? கண்ணூறு பட்டுடும்."

"உன்ட அண்ணன் கேட்பாரே."

"எடுக்கிறதெண்டா வெருளியையும் சேர்த்து எடுங்க. பாக்கிறவன்ட கண் முதல்ல அதுல விழட்டும். மறுகாதான் பயிருல விழவேணும்."

அது எங்கள் பக்கத்து வழக்கம். ஆட்கள் பார்க்கிற பயிருக்கு முன்னால் வெருளி நிற்கும். படத்துக்கும் அதுவே என்று அன்றுதான் கேள்விப்பட்டேன். ஆனால் சரியாகத்தான் பட்டது. அன்றிலிருந்து வெருளி இல்லாமல் பயிரை ஒரு படமும் எடுக்கவில்லை.

மகளும் வயல் படம் கேட்டாள். "இங்க யன்னலைத் துறந்தா மணல்தான் அம்மா. பச்சையா ஒண்டு அனுப்புங்க" என்றாள். பனி கிடந்த ஒரு காலையில் எடுத்ததை அனுப்பினேன். வழமைபோலக் கீழே ஒன்றும் எழுதவில்லை.

அடுத்த நாள் அவள் குரல் வந்தது. நான் இவருக்குக் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தேன். கை ஈரம். போனைக் கட்டிலில் போட்டு விரலால் தட்டினேன். வீடு முழுக்கக் கேட்டது.

"அம்மா! அப்பா ஒழும்பிட்டாரா? வட்டைக்குள்ள நிக்கிறார்! நீலச் சேட்டு, தலையில துவாய், கையை வேற நீட்டிக்கொண்டு, சித்தப்பாவுக்கு வேல சொல்றார்போல! ஏனம்மா எனக்குச் சொல்லல்ல? நான் இஞ்ச எல்லாருக்கும் காட்டிட்டன். வேலைக்கு நிக்கிற மத்தப் பிள்ளையள் எல்லாம் பாத்தாளுகள். நான் ராவைக்கு வடிவாச் சாப்பிட்டன் அம்மா. கன நாளைக்குப் பிறகு."

பிறகு சிரித்தாள். அவள் குவைத்துக்குப் போனபிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்லை.

கரண்டி என் கையில் நின்றது. தம்பி சொன்னது சரிதான். பார்க்கிறவருடைய கண் முதலில் அதில்தான் விழுந்திருக்கிறது.

"அது வெருளி எண்டு சொல்லப் போறன்" என்றேன்.

இவர் இடது கையால் என் கையைப் பிடித்தார். கஞ்சி பாயில் சிந்தியது.

"சொல்... லாத."

"பொய்யாப் போகுமே."

"போகாது" என்றார். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "கதிரையைக் கொண்டா."

நாற்காலியைத்தான் கதிரை என்போம். கொண்டுவந்து கட்டிலோடு வைத்தேன். அதன் முதுகைப் பிடித்து எழும்பப் பார்த்தார். முடியவில்லை. திரும்பவும் பார்த்தார். கதிரை சரிந்து, அவரும் சரிந்து, நானும் கீழே விழுந்தேன். பக்கத்து வீட்டு மாமி ஓடிவந்து பார்த்துவிட்டு, "என்னகா இது, இந்த வயசில ரெண்டு பேரும் நிலத்தில கிடக்கீங்க" என்றாள். இவருக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை. முழங்கை உரஞ்சி எரிந்தது.

மகள் விடவில்லை. அடுத்த குரலில் கேட்டாள்: "வெட்டுக்கு முதல் அப்பாவைக் கிட்ட வச்சு ஒரு படம் எடுங்க அம்மா. முகம் தெரியவேணும்."

இப்படித்தான் கதிருக்கும் காலுக்கும் ஓட்டம் தொடங்கியது. கதிர் முற்றினால் வெட்டு மெசின் வரும். மெசின் வந்தால் வட்டை இல்லை. அதற்குள் அவர் நிற்க வேண்டும். காலையில் நான் பயிரைப் பார்த்தேன். பின்னேரம் அவருடைய காலைப் பார்த்தேன். பயிர்தான் முன்னால் போனது.

எனக்கு அதுக்கிடையில் இன்னொரு சிக்கல். வெருளியைச் சேர்த்து எடுத்தால் மகளுக்குப் பொய் கூடும். சேர்க்காமல் எடுத்தால் பயிருக்குக் கண்ணூறு. இரண்டும் என்னால் முடியாது. அதனால் பயிரை விட்டேன். வேறு எதையாவது எடுத்து அவளுக்கு அனுப்பினேன். குளத்துத் தாமரை. வரம்பில் காய்ந்த நண்டுக் கோது. பாதையில் வரும்போது தண்ணீரில் நீண்டு கிடக்கிற என் நிழல். பனிக்குள் வருகிற பாதை, ஆட்கள் இல்லாமல் சைக்கிள்கள் மட்டும் மிதந்து வருவதுபோல. மருத மரத்தில் ஒரு கிளை முழுக்க நீர்க்காகம், இறக்கையை விரித்துக் காயப் போட்டபடி.

அந்த நாட்களில் நான் நடந்ததே நினைவில்லை. படங்கள் மட்டும்தான் இருக்கின்றன. எதையோ தேடி எடுத்தமாதிரி இருக்கிறது. எதை என்று தெரியாது.

"படம் வடிவா இருக்கம்மா. ஆனா அப்பா எங்க?" என்று மகள் கேட்டாள்.

மாசியில் வட்டை மஞ்சளானது. கதிர் தலையைச் சாய்த்தது. இவர் கதிரையின் முதுகைப் பிடித்து நின்றார். கதிரையை எடுத்தால் நிற்கமாட்டார். பிடித்தால் நிற்பார், சோறு ஒரு கொதி வருகிற நேரம். கால் நடுங்கும். நெற்றி வியர்க்கும். ஆனால் நிற்பார்.

தம்பி வந்து சொன்னான், "மெசின் நாளைக்கு நம்மட பக்கம் வருது. விட்டா இனி மழைதான்."

இவர் என்னைப் பார்த்தார்.

"நாளைக்கு" என்றார்.

விடிய ஆட்டோவில் ஏற்றினோம். ஆட்டோ பாதையில் ஏறியது. பாதை தள்ளுகிறவர் குனிந்து உள்ளே பார்த்து, "என்ன மச்சான், கன காலம் காணல்ல. குவைத்துக்குப் போய்ட்டியா?" என்றார். இவர் "ஓம்" என்றார். வாவியைப் பார்த்துக்கொண்டே வந்தார். பனி மெல்ல எழும்பிக்கொண்டிருந்தது. அந்தக் கரை தெரியவில்லை. கரை தெரியாத தண்ணீரில் போவது எனக்குப் பழக்கம். அன்று மட்டும் பயமாக இருந்தது.

வரம்பில் ஆட்டோ போகாது. தம்பி அவரை முதுகில் தூக்கினான். மெலிந்த முதுகு, மெலிந்த ஆள். வரம்பு முழுக்கப் பனி ஈரம். நான் பின்னால் போனேன், வழுக்கினால் பிடிக்க. வெருளி நின்ற இடத்தில் இறக்கினான். அது வரம்புக் கரையோடு நின்றபடியால் நெல் மிதிபடவில்லை. இவர் இடது கையால் கம்பைப் பிடித்துக்கொண்டார். வெருளியை மேலிருந்து கீழே பார்த்தார். வெயிலில் சேட்டின் நீலம் போய் வெளுத்திருந்தது.

"களட்டு" என்றார்.

"என்னத்த?"

"என்ட சேட்டு."

தம்பி தலையைச் சொறிந்தான். "அண்ணன், காகம் பேண்டிருக்கு."

"களட்டு."

தம்பி பானையை இறக்கி வைத்து, வைக்கோலை உதறிச் சேட்டைக் கழற்றினான். உடுத்திருந்த சேட்டுக்கு மேலாலேயே நான் அவருக்குப் போட்டுவிட்டேன். வலது கையை நான்தான் கைக்குள் நுழைத்தேன். துவாயையும் தலையில் கட்டினேன். வெறும் கம்பும் குறுக்குக் கம்பும் நின்றன. கம்பைப் பிடித்தபடி இவர் நின்றார்.

"நான் விடப்போறன் அண்ணன்" என்றான் தம்பி.

"விடு."

தம்பி விட்டான். ஆனால் போகவில்லை. இவருக்குப் பின்னால் நெல்லுக்குள் குந்திக்கொண்டான், விழுந்தால் ஏந்த.

நான் வரம்பில் பின்னுக்கு நடந்தேன். போனைத் தூக்கினேன். கண்ணாடியில் பனி. சீலைத் தலைப்பால் துடைத்தேன். வட்டை முழுக்க மஞ்சள், அதற்குமேல் பனி, பனிக்குமேல் ஒன்றும் இல்லை. நடுவில் அவர். இடது கை கம்பில். வலது கை தொங்கியது. கால் நடுங்கியது. சாரன் நடுங்குவதில் தெரிந்தது. முகம் கோணல்தான். அதை மறைக்க ஒரு பக்கம் திரும்பச் சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை.

எடுத்தேன். கிட்டப் போய் இன்னொன்று எடுத்தேன். அனுப்பினேன்.

"வரம்பில இருங்க இனி" என்றேன்.

தலையை ஆட்டினார். அவள் பார்க்கும்வரை நிற்பார், இருக்கமாட்டார்.

வட்டைக்குள் கவரேஜ் நிற்கிறதும் போகிறதுமாக இருக்கும். போன் வட்டம் வட்டமாகச் சுற்றியது. அங்கால் வரம்பில் மெசின் வருகிற சத்தம் கேட்டது. கொக்குகள் எழும்பி ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பவும் இருந்தன. தம்பி நெல்லுக்குள்ளிருந்து, "படம் போய்ட்டா மச்சாள்? என்ட கால் விறைக்குது" என்றான். இவருடைய நெற்றியில் வியர்வை வழிந்து கண்ணுக்குள் போனது. துடைக்கக் கை இல்லை. நான் போய்த் துடைத்தேன்.

போன் சத்தம் போட்டது. நான் அவருக்குப் பக்கத்திலேயே நின்று தட்டினேன்.

முதலில் ஒன்றும் இல்லை. ஒரு குசினியின் சத்தம் மட்டும். குழாயில் தண்ணீர் விழுந்தது. பிறகு நின்றது.

"அம்மா. அப்பாக்குப் பின்னால ஒரு கம்பு நிக்குது. குறுக்குக் கம்பு." மெதுவாகச் சொன்னாள். "அப்ப முந்தி நிண்டது..."

நாங்கள் மூன்று பேரும் போனைப் பார்த்தோம்.

"வெருளியாம்மா அது?"

பிறகு ஒரு சத்தம் வந்தது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. இப்போதும் அதைப் போட்டுக் கேட்பேன். இப்போதும் தெரியாது.

"நெல்லுக்குள்ள சித்தப்பாட முதுகு தெரியுது. வடிவா ஒளிக்கத் தெரியாதா அவருக்கு? அப்பாட சேட்டில காக்காப் பீ." மூக்கை உறிஞ்சினாள். "முகத்தைப் பெரிசாக்கிப் பாத்தன். மெலிஞ்சுதான் போனார். அம்மா, அப்பாவ இருக்கச் சொல்லுங்க. இவ்வளவு நேரம் நிண்டது காணும்."

அவர் கம்பை விட்டார். தம்பி எழும்பிப் பிடிக்க, மெல்ல வரம்பில் இருந்தார். ஈரத்தில்தான் இருந்தார். காலை நீட்டினார். சேட்டைக் கழற்றவில்லை.

மெசின் எங்கள் வயலுக்குள் இறங்கியது.